ஞாபகக் கதவும் ஒரு மாத்திரையும்

ஆச்சிக்கு ஆறு மாசமா மறதிக்கு மாத்திரை ஓடுது. மெமன்டைன்னு பேரு. போன வாரம் ஊருக்குப் போனப்போ மருந்துச் சீட்டைப் பார்த்துட்டு, கை சும்மா இருக்காம நெட்ல தேடிப் படிச்சேன். தூக்கிவாரிப் போட்டுச்சு. மூளையில என்.எம்.டி.ஏ ஏற்பின்னு ஒரு கதவு இருக்கு. புது ஞாபகம் பதிய அந்தக் கதவு திறந்தாகணும். இந்த மாத்திரை அதை அடைக்குதாம்! மறதிக்காரங்களுக்கு இதையா கொடுப்பாங்க? டாக்டர் மாத்தி எழுதிட்டாரோ?

பயத்துல ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சதோட சாரம் கீழே. நான் வெறும் பொட்டி தட்டுறவன். தப்பிருந்தா தெரிஞ்சவங்க தலையில குட்டலாம் :-)

மூளை செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம். கதவு வாசல்ல ஒரு மக்னீசியம் அயனி வழிமறிச்சு நிக்கும். பக்கத்து செல்லிலிருந்து குளூட்டமேட் வரணும். அதே நேரம் இந்த செல்லும் கிளர்ந்திருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் மக்னீசியம் நகரும், கால்சியம் உள்ளே பாயும். நம்ம பாஷையில சொன்னா 'அண்ட்' கேட்.

உள்ளே வந்த கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தோட ஒட்டிக்கும். அது போய் காம்கே-2 என்கிற நொதியை முடுக்கி விடும். இது பெரும்பாலும் 12 துண்டுகள் சேர்ந்த சக்கரம் மாதிரி. முடுக்கப்பட்ட ஒரு துண்டு, பக்கத்துத் துண்டோட 286-ஆவது அமினோ அமிலத்துல ஒரு பாஸ்பேட்டை ஒட்டிடும். அப்புறம் கால்சியம் வடிஞ்சாலும் அது உடனே அணையறதில்லை. செல்களுக்கு நடுவுல உள்ள இணைப்பு பலமாகுது.

தன்னைத்தானே இப்படிப் பிடிச்சு வெச்சிக்கிற சுவிட்ச் ஒண்ணு ஞாபகத்தைத் தாங்கலாம்னு ஜான் லிஸ்மன் 1985-லயே எழுதினார். 1998-ல அந்த ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாத்தின எலிகளைத் தண்ணித் தொட்டியில விட்டுப் பார்த்தாங்க. மறைச்சு வெச்ச மேடை எங்கே இருக்குன்னு அதுகளால கத்துக்கவே முடியலை. சுவிட்ச் வருஷக்கணக்கா எரியுதுன்னு இன்னிக்கு யாரும் அடிச்சுச் சொல்றதில்லை. ஆனா பதிவைத் தொடங்கி வைக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, மாத்திரை? அல்சைமர் நோயில அந்தக் கதவு ஓயாம கசியுதுங்கிறது ஒரு விளக்கம். குழாய் ஒழுகிக்கிட்டே இருந்தா சேதி எது, இரைச்சல் எதுன்னு தெரியாது. அதிகப்படி கால்சியம் செல்லையும் கெடுக்கும். மெமன்டைன் வாசல்ல தளர்வா உக்காந்து கசிவைத் தடுக்கும். உண்மையான சேதி வந்தா எந்திரிச்சு வழி விடும். டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்கார்.

ஆனா அது போனதைத் திருப்பித் தராது. நோயையும் நிறுத்தாது.

"எய்யா, நீ யாரு பெத்த புள்ள?"ன்னு ஆச்சி கேக்கும். சொல்லுவேன். அஞ்சு நிமிஷத்துல திரும்பக் கேக்கும். போன தடவை "இப்பத்தான ஆச்சி சொன்னேன், காதுல வாங்கவே மாட்டியா?"ன்னு கத்திட்டேன். அது முகம் சுருங்கிப்போச்சு. காதுல நல்லாத்தான் வாங்கியிருக்கு. உள்ளே ஒட்ட வேண்டியது ஒட்டலை. இது புரிய எனக்கு ரெண்டு ராத்திரி படிப்பு தேவைப்பட்டிருக்கு.

ஞாயித்துக்கிழமை நாலு தடவை கேட்டுச்சு. நாலு தடவையும் புதுசா சொன்னேன். நாலு தடவையும் "அட, என் மூத்தவன் மவனா!"ன்னு கன்னத்தைத் தடவுச்சு.