புழு மனையில் ஒரு சினிமா கொட்டகை

பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி, மா, கரும்போடு பட்டுப்புழு வளர்ப்பும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிற தொழில். அங்கே ஒரு விவசாயி வீட்டுக்குப் பின்னால், 30-க்கு 20 அடியில் கட்டிய புழு வளர்ப்பு மனை நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. புழு பார்த்த ஆயா காலமாகிவிட்டார். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போய், மல்பெரியும் காய்ந்துவிட்டது. அந்த மனையை வீட்டு தியேட்டராக மாற்றப்போவதாகப் பேரன் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது.

''உங்க ஆயா ராத்திரி பகலா கண் முழிச்ச இடம்டா அது. படம் பார்க்கவா கட்டினோம்?''

பேரனின் கவலை வேறு. தாத்தாவுக்கு வயது 78. காது மெஷின் போட்டும் டி.வி வசனம் பிடிபடவில்லை. ''சத்தம் கேட்குது சாமி, வார்த்தைதான் புரியலை'' என்பார். சத்தத்தைக் கூட்டினால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று, ஏழு மணிக்கே கட்டிலுக்குப் போக ஆரம்பித்தார். அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பழைய புரொஜெக்டர் ஒன்றும் 5.1 ஸ்பீக்கர் செட்டும் வாங்கி மனைக்குள் வைத்துப் பார்த்தான். வீட்டு ஹாலைவிட மோசம். கையைத் தட்டினால் ஓசை அடங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டலாம் என்று கிளம்பியவனைத் தாத்தாதான் நிறுத்தினார்.

''உங்க ஆயா புழு வளர்த்தப்போ இங்கே இப்படி எதிரொலிக்கலையேப்பா.''

விஷயம் அதில்தான் இருந்தது. அப்போது தாங்கிகள் நிறைய மல்பெரித் தண்டும் தழையும் அடுக்கிக் கிடந்தன. அவை ஓசையைக் குடித்துவிட்டன. இப்போது இருப்பது வெறும் சிமென்ட் சுவர், சிமென்ட் தரை. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே சிக்கல். புதிய விரிவுரை அரங்கில் ஒரு சொல் அடங்கவே ஐந்து நொடிக்கு மேல் ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்கிற படிப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். கனத்த ஓசையை அது உறிஞ்சாது, வெளியே போகும் சத்தத்தையும் தடுக்காது. சீக்கிரம் தீப்பிடிக்கவும் செய்யும்.

அதனால் மரச்சட்டம் அடித்து, இரண்டு அங்குல ராக்வூல் பலகையை வைத்து, பருத்தித் துணியால் போர்த்தினார்கள். அந்த நார் கண்ணிலும் நெஞ்சிலும் போகாமல் இருக்கக் கண்ணாடி, முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டார்கள். சட்டங்களைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, கொக்கியில் மாட்டினார்கள். அந்த இடைவெளி இருந்தால் கனத்த ஓசையும் கொஞ்சம் அடங்கும். மூலைகளில் மட்டும் நான்கு அங்குலம். தரையில் பழைய ஜமுக்காளம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பதால் அதில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மேலே போகவேண்டிய சட்டங்களை இரும்பு டிரஸ்ஸிலிருந்து கம்பியில் தொங்கவிட்டார்கள்.

திரைக்குச் செலவு பெயின்ட் மட்டும்தான். சுவரைச் சமமாகப் பூசி, பளபளப்பு இல்லாத வெள்ளை அடித்து, சுற்றிலும் கறுப்பு பார்டர். 100 அங்குலத் திரை என்றால் அகலம் சுமார் 87 அங்குலம். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்கு இதம். கரன்ட் வீட்டு இணைப்பிலிருந்துதான். இலவச விவசாய இணைப்பிலிருந்து இதற்கு ஒயர் இழுக்கக் கூடாது. எர்த்தும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம். மானியத்தில் கட்டிய மனை என்றால், கை வைப்பதற்கு முன்னால் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியில் ஒரு சின்ன வேலை. 5.1-ல் வரும் படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். பழைய படத்துக்கு டால்பி புரோ லாஜிக் போட்டால் வசனம் நடுவுக்கு வந்துவிடும். அதைத் திரைக்குக் கீழே, தாத்தா முகத்தைப் பார்த்தபடி வைத்து, அதன் அளவை மட்டும் கொஞ்சம் கூட்டினான்.

முதல் படம், தாத்தா கேட்ட 1965-ம் ஆண்டு 'திருவிளையாடல்'. தருமியாக வரும் நாகேஷ் புலம்பும் இடத்தில், யாரும் சிரிப்பதற்கு முன்னால் தாத்தா சிரித்தார். வாசலில் நின்றுகொண்டிருந்த அப்பா உள்ளே வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்.

''டென்ட் கொட்டகையில மணல்ல உட்கார்ந்து பார்த்த மாதிரியே இருக்குடா'' என்றார் தாத்தா. அதிலும் காரணம் இருக்கிறது. கித்தான் சுவரும் மணல் தரையும் ஓசையைத் திருப்பி அடிப்பதில்லை.

இப்போது கிணற்றோரம் அரை ஏக்கரில் மறுபடியும் மல்பெரி நட்டிருக்கிறார்கள். தழை தேறினால் மனை புழுவுக்குத்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். பேரன் மறுக்கவில்லை. சட்டங்களைக் கொக்கியிலிருந்து கழற்ற ஒரு நாள் போதும். அவற்றை வீட்டு ஹாலில் எங்கே மாட்டலாம் என்று இப்போதே டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறான்.

''ஐந்தாம் பருவத்துப் புழு தழை தின்னா, தூறல் விழற மாதிரி சத்தம் வரும். அது என் காதுல விழுதான்னு பார்க்கணும்'' என்கிறார் தாத்தா.