காயல் முற்றத்தில் ஓர் அரளி

கடந்த ஷவ்வால் மாதத்தில், காயல்பட்டினத்தில் வாழும் என் ராத்தாவைக் காணச் சென்றிருந்தேன். திருநெல்வேலியில் ஏறிய திருச்செந்தூர் இரயில், வாழைத் தோட்டங்களையும் ஆறுமுகனேரி உப்பளங்களையும் கடந்து காயலை அடைந்தபோது அஸர் பாங்கொலி கேட்டது.

காயலின் வீடுகளுக்கிடையே ‘முடுக்கு’ எனப்படும் குறுகிய சந்துகள் உண்டு. பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே உறவினர் இல்லம் சென்றுவர அவை வழியாகின்றன. ஆடுகளும் பூனைகளும் அங்கே உரிமையோடு உலவும்.

ராத்தா வீட்டு முற்றத்தில் வெறுங்கயிறு மட்டுமே கிடந்தது. குர்பானிக்கென வளர்த்த கிடா முதல்நாள் மாண்டுவிட்டது. தழை ஊட்டி அதனை வளர்த்த பேரன் மூலையில் விம்மிக்கொண்டிருந்தான்.

“நோய் ஒன்றுமில்லை தம்பி, காலையில் துள்ளிக்கொண்டுதான் இருந்தது” என்றார் ராத்தா.

கொல்லைப்புறம் சென்று பார்த்தேன். கத்தரித்துப் போட்ட செவ்வரளிக் கிளைகள் வாடிக் கிடந்தன. இலைகளில் பாதியைக் காணவில்லை. கால்நடை மருத்துவரும் அதுவே காரணம் என்று கூறியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் செடியைக் கொண்டுவந்து நட்டவன் நானே!

அரளியின் வேர் முதல் பூ வரை அனைத்தும் நஞ்சு. அது இதயத் துடிப்பைக் குலைக்கும். பச்சை இலையின் கசப்பை வெறுத்து ஒதுக்கும் ஆடு, வாடிய இலையை அறியாமல் தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. பொன்னரளியும் அத்தகையதே. அரபு மண்ணிலும் இயற்கையாய் வளரும் அடீனியம், இன்று நம் மாடிகளில் தொட்டிச் செடியாய்ப் பூக்கிறது. அதுவும் அரளியின் இனமே.

ஆமணக்கு விதை, குன்றிமணி, ஊமத்தை, செங்காந்தள் கிழங்கு ஆகியவையும் கொடியவை. மணி பிளான்ட் இலையைக் கடித்தால் ஊசி போன்ற நுண்படிகங்கள் வாயைப் புண்ணாக்கும். திருமணப் பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகலாம்.

பிராணி நஞ்சைத் தின்றது தெரிந்தால் கைவைத்தியத்தில் காலம் கழிக்காதீர்கள். தின்ற இலையின் மிச்சத்தோடு உடனே கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் பெற்ற மன்னிப்பையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை மதரஸாவில் ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். வாயில்லா ஜீவனுக்கு நாம் பொறுப்பாளிகள் என்ற அப்பாடத்தை அன்று நானே மீண்டும் கற்றேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அரளியை வேரோடு அகழ்ந்தோம். எரித்தால் புகையும் தீங்கு என்பதால், ஆழக் குழிதோண்டிப் புதைத்தோம். அவ்விடத்தில் மல்லிகைப் பதியன் ஒன்றை நட்டுப் பேரன் நீர் ஊற்றினான்.

“இதை ஆடு தின்னலாமா?” என்று கேட்டான்.

“தின்னலாம், பூதான் நமக்கு மிஞ்சாது” என்றேன். அன்றுதான் அவன் முதன்முறையாகச் சிரித்தான். அல்ஹம்துலில்லாஹ்!