மின்னேற்றத்திலும் நிதானம்

லக்சபான நீர்மின் நிலையம் 1950-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய நாள் முதல், மலையகத்து ஆறுகள் இலங்கைக்கு ஒளியூட்டி வருகின்றன. ஆயினும் அவ்வாறுகளின் அருகேயுள்ள லயன்கள் பலவற்றுக்கு மின்கம்பி வந்து சேர நெடுங்காலம் சென்றது. அந்நாட்களிலே நம் வீடுகளில் வானொலியும் தொலைக்காட்சியும் மோட்டார் வண்டிப் பற்றரியை நம்பியே பேசின.

சம்பளத்துக்குப் பின்வரும் ஞாயிறன்று பற்றரியைச் சாக்கிலே கட்டி ஹட்டனுக்குச் சுமந்து செல்வோம். ஒரு கடையில் இரவு முழுவதும் ஏற்றி மறுநாள் தருவார்கள். வேறொரு கடையில் இரண்டே மணியில் தருவார்கள். விரைவை விரும்பினோர் பலர். அவர்தம் பற்றரிகளும் விரைவிலேயே மூப்படைந்தன.

காரணம் யாது? பற்றரியின்மேல் 60 அம்பியர் மணி என்றிருந்தால், அது தொட்டியின் கொள்ளளவு போன்றது. நாம் செலுத்தும் அம்பியரோ குழாய் நீரின் வேகம் போன்றது. கொள்ளளவு முழுவதையும் ஒரு மணியில் நிரப்பும் வேகம் 1 சி எனப்படும். இங்கே அது 60 அம்பியர். இரண்டு மணிக் கடைக்காரர் செலுத்தியது 0.5 சி, அதாவது 30 அம்பியர். ஈய அமிலப் பற்றரிக்கு உகந்ததோ 0.1 சி, அதாவது 6 அம்பியரே. கணக்கின்படி பத்து மணி. சிறிது வெப்பமாய் வீணாவதாலும், கடைசிப் பங்கு மெல்லவே ஏறுவதாலும் 12 மணிக்கு மேலும் ஆகலாம். அளவுக்கு மிஞ்சித் திணித்தால் பற்றரி சூடேறும், உள்ளிருக்கும் நீர் ஐதரசனும் ஒட்சிசனுமாய்ப் பிரிந்து வெளியேறும், தகடுகள் வளையும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவோர் இதனை எளிதில் உணர்வர். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்திய கொழுந்து நல்ல தேயிலை ஆவதில்லை.

கைபேசியின் லிதியம் பற்றரி இதனினும் மிகுந்த வேகத்தைத் தாங்கும். எனினும் சுமார் 80 வீதத்துக்கு மேல் அதுவும் மெல்லவே ஏறும். நுவரெலியாவின் உறைபனிக் காலையில் வெளியே கிடந்து குளிர்ந்ததை, வீட்டினுள் சற்று வைத்த பின்பே ஏற்றுதல் நலம். பூச்சியப் பாகைக்குக் கீழே ஏற்றினால் லிதியம் உலோகமாய்ப் படிந்து பற்றரியைக் கெடுக்கும்.

2022 மார்ச் 31-ஆந் திகதி நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு நிகழ்ந்தது. எஞ்சியது 11 மணி. 100 அம்பியர் மணிப் பற்றரியை 10 அம்பியரில் முற்றாக நிரப்ப அது போதாது. ஆயினும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் சிறு விளக்குக்கு அரை ஏற்றமே தாராளம். முழு ஏற்றம் வேண்டி அவசரப்பட்டுப் பற்றரியைக் கெடுத்துக்கொண்டால், புதியது வாங்கப் பல நாட் சம்பளம் வேண்டும்.

ஆகவே பற்றரியின் அம்பியர் மணியை ஏற்றியின் அம்பியரால் வகுத்துப் பார்க்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். சிறிய வகுத்தற் கணக்குத்தான்; குடும்பத்தின் பணத்தைக் காப்பது அதுவே.