பிள்ளை சுமந்த பாரம்

புள்ளலூர் என்றதும், 1780-ஆம் வருஷம் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்த யுத்தமே பலருக்கும் நினைவு வரும். அவ்வூர்த் திண்ணையொன்றில் அமர்ந்து நாம் வாசித்ததோ சத்தமில்லாத குடும்ப யுத்தம்: தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966).

அலங்காரத்தம்மாள் தன் பாவம் தீர வேண்டி, மகன் அப்புவை வேத பாடசாலைக்கு அனுப்பினாள். 16 வருஷம் ஓதித் திரும்பியவன், பின்பிறந்தோரின் பிறப்பு ரகசியத்தை அறிந்து திகைத்தான். தகப்பனார் தண்டபாணியோ, எல்லாம் தெரிந்தும் வாய் திறவாதிருந்தார். முடிவில் தாய் காசிக்குப் புறப்பட்டாள்.

இளமையில் வாசித்தபோது தாயின்மீது சினங்கொண்டோம். நாமும் பெற்றோரான பின்னர், பிள்ளைக்காகவே மனம் பதைத்தது. தம்பதிகளின் கடனை, அவனைக் கேளாமலே அவன் தலையில் ஏற்றிவிட்டார்களே! வேதத்தை ஓதுவித்து, உண்மையை மட்டும் ஒளித்தார்களே!

நேயர்களே, நம் வீட்டில் நம்முடைய மௌனத்தைச் சுமப்பது எந்தக் குழந்தை?