தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது... மீன்கள் ஏன் செத்தன? - ஒரு கம்பம் வீட்டுக் கதை

மூன்றரை அடி ஆழத்தில் கிடந்த ஐந்து ரூபாய்க் காசு மேலிருந்தே பளிச்செனத் தெரிந்தது. முதல் நாள் சாயங்காலம் பாப்பா போட்ட காசு. தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஆனால், அந்தத் தெளிந்த தண்ணீரின் மேல் நான்கு மீன்கள் மல்லாந்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணத் தொடங்கிய பாப்பா பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவரிடம் பதில் இல்லை.

கம்பத்தை ஒட்டிய ஒரு கிராமம். ஐப்பசி மாதத்து விடிகாலை. இரவெல்லாம் இடியும் மழையுமாக இருந்து, கரன்ட் போய், விடியும் நேரத்தில்தான் திரும்ப வந்திருந்தது.

திருப்பூரிலிருந்து திரும்பியவர்

அவருக்கு வயது முப்பத்தாறு. பன்னிரண்டு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அப்பாவுக்கு முட்டிவலி வந்து திராட்சைத் தோட்டத்தைத் தனியாகப் பார்க்க முடியாமல் போனதும் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைதான் அவர்களுடைய பயிர். பேர் பெரிது. ஆனால், மழை ஒரு வாரம் முன்னே பின்னே வந்தால் பழம் வெடித்துப் போகும், விலை விழும். கூடவே ஒரு வருமானம் வேண்டும் என்று நினைத்தார். வண்ண மீன் வளர்த்து விற்கலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

வீட்டின் பக்கவாட்டில் சிமென்ட் தொட்டி கட்டினார். 10 அடி நீளம், 6 அடி அகலம், மூன்றரை அடித் தண்ணீர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6,000 லிட்டர். புது சிமென்ட்டின் சுண்ணாம்பு மீனுக்கு ஆகாது என்பதால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பல தடவை தண்ணீர் மாற்றினார். பிறகு கோய் மீன் குஞ்சுகளை விட்டார். கோய் என்பது வேறொன்றுமில்லை, ஜப்பான்காரர்கள் நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த கெண்டை.

"கொழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. இதுக்கு இம்புட்டுச் செலவா?" என்று கேட்டது அப்பத்தா.

மீன் வளர வளர தண்ணீர் கலங்கியது. கெண்டை இனம் நிறையத் தின்னும், நிறையக் கழியும். தொட்டி ஓரத்தில் ஒரு நீல டிரம்மில் உடைந்த ஓடும் ஸ்பாஞ்சும் போட்டு, சின்ன மோட்டார் வைத்து வடிகட்டிக்கொண்டிருந்தார். அது போதவில்லை. மீனின் நிறமே தெரியாத தொட்டியைக் காட்டி யாரிடம் மீன் விற்பது?

"இது நம்ம தோட்டத்துல நிக்கிறதுதானடா?"

மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் வழி சொன்னார். நீச்சல் குளத்துக்குப் போடும் சாண்ட் ஃபில்டரைப் போடு, மூன்றே நாளில் தெளிந்துவிடும் என்றார். ஒரு விடுதியில் கழற்றிப்போட்ட பழைய ஃபில்டர், அரை ஹெச்.பி. மோட்டாரோடு சல்லிசாகக் கிடைத்தது. கையிலிருந்த சேமிப்பில் அதை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

இறக்கும்போது அப்பா சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "டேய், இது நம்ம தோட்டத்துல நிக்கிறதுதானடா?"

"அது சொட்டுநீருக்குப்பா. இது ஸ்விம்மிங் பூலுக்கு. இதோட கணக்கே வேற" என்றார் மகன்.

உண்மையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்பம் பள்ளத்தாக்கில் சொட்டுநீர் போட்ட தோட்டங்களின் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இதைப் பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீரின் பாசியும் தூசியும் சொட்டுவானின் கண்ணை அடைத்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. பெரிய அண்டா போன்ற உருளை. உள்ளே பாதிக்கு மேல் சலித்தெடுத்த மணல். நீச்சல் குளத்து ஃபில்டரில் சுமார் அரை மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணல் இருக்கும். மோட்டார் தள்ளும் தண்ணீர் மேலே விழுந்து, மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கீறல் போட்ட குழாய்கள் வழியாக வெளியேறும். 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள தூசிகூட மாட்டிக்கொள்ளும். நம் தலைமுடியின் பாதித் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழுக்கு சேரச்சேர பிரஷர் மீட்டரின் முள் ஏறும். சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால், மோட்டாரை நிறுத்தி வால்வைத் திருப்பி, தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட வேண்டும். மணல் பொங்கி எழுந்து அழுக்கைக் கக்கிவிடும். இதுதான் பேக்வாஷ்.

நண்பர் சொன்னது பொய்யில்லை. மூன்றாம் நாள் தொட்டி தெளிந்தது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என ஒவ்வொரு மீனும் துலங்கியது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். முதல் ஆர்டரும் போனில் வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். இவ்வளவு பெரிய ஃபில்டர் இருக்கும்போது இது எதற்கு என்று அந்த நீல டிரம்மைக் கழற்றி, ஓட்டையெல்லாம் கழுவி வெயிலில் கொட்டிவிட்டார்.

மணலில் நிற்காத விஷம்

உப்புக் கரைத்த தண்ணீரை வேட்டியில் வடிகட்டினால் உப்பு நிற்குமா? மீன் விஷயத்திலும் அதேதான். மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. அது தண்ணீரில் கரைந்துவிடும். எவ்வளவு பெரிய மணல் ஃபில்டரும் அதைப் பிடிக்காது. கண்ணுக்கும் தெரியாது.

அதைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். ஒருவகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அதிகம் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் குடியேறி நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். அவர் வெயிலில் கொட்டிய ஓட்டுச் சில்லுகளில் வழவழவென ஒட்டியிருந்தது அழுக்கு அல்ல, அந்தக் கூட்டம்தான்.

நம் பாட்டிமார்கள் கலங்கிய தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டையை உரசிப் போடுவார்கள். மண் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். ஆனாலும் குடிக்கும் முன் காய்ச்ச வேண்டும். தெளிவது வேறு, நல்லதாவது வேறு.

மணலும் பாக்டீரியாவும் எப்போதும் சேராதவை என்றும் சொல்ல முடியாது. லண்டனில் 1829-ல் ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த மணல் வடிகட்டியிலும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் அமைந்த நீரேற்று நிலையத்தின் வடிகட்டிகளிலும் தண்ணீர் மெதுவாக இறங்கும். மணலின் மேல் படியும் உயிருள்ள ஏடுதான் அங்கே பாதி வேலையைச் செய்யும். நீச்சல் குளத்திலோ தண்ணீர் வேகமாகப் பாயும், குளோரின் எல்லா உயிரையும் கொன்றுவிடும். அதனால் மணல் வெறும் மணலாகவே இருக்கும். அதே ஃபில்டரை மீன் தொட்டியில் வைத்தால் குளோரின் கிடையாது. மீன் கழிவு மணலுக்குள் புகுந்து, பாக்டீரியா பெருகி, பிசுபிசுத்துக் கட்டி தட்டும். மோட்டார் ஓடும்வரை அதற்கு ஆக்சிஜன் கிடைக்கும். மோட்டார் நின்றால்?

மூடிக் கிடந்த பானை

செத்த மீன்களை வாழைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்த அப்பா, தொட்டியில் விழும் குழாயருகே குனிந்து மோந்து பார்த்தார்.

"ராத்திரி கரன்ட் எம்புட்டு நேரம் இல்ல?"

"எட்டு மணி நேரம் இருக்கும்ப்பா."

"வந்ததும் மோட்டார் தானா ஓடிருச்சா?"

"ஆமா."

"அழுகுன முட்ட வாசம் அடிக்குது பாரு. தோட்டத்து ஃபில்டர நாலு நாள் நிறுத்தி வச்சா நான் என்ன பண்ணுவேன்? மொதத் தண்ணிய வெளிய தள்ளாம லைன்ல விட்டுருக்கேனா? கொடியோட வேரு என்னத்துக்கு ஆகும்? வாயில்லா ஜீவன் எப்புடிரா தாங்கும்?"

மகன் எதுவும் பேசவில்லை. அன்று இறக்கும்போதே அப்பா சொன்னது காதில் விழுந்தது.

மீன்வளம் படித்த ஒருவரிடம் போனில் கேட்டபோது அவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். மூடிய உருளைக்குள் தண்ணீர் தேங்கினால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீரும். நல்ல பாக்டீரியா சாகும், காற்றில்லாமல் வாழும் வகை தலைதூக்கும். ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். கரன்ட் வந்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் போகும். ஏற்கெனவே டிரம்மைக் கழற்றியதால் அமோனியா வேறு ஏறியிருந்தது. இரவெல்லாம் தண்ணீர் அசையாததால் காற்றும் குறைவு. சோதனைக் குப்பியில் சொட்டு மருந்தை விட்டபோது, மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையானது.

அன்று பாதித் தண்ணீரை மாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு மீன்கள் போயின. அடுத்த வாரம் நைட்ரைட் ஏறியபோது, அதன் கடுமையைக் குறைக்க அளவாகக் கல் உப்பு கரைத்துவிட்டார்கள். முதல் ஆர்டரைக் கொடுக்க முடியவில்லை. முன்பணத்தைத் திருப்பி அனுப்பினார்.

இப்போது எப்படி?

ஃபில்டரைத் தூக்கிப் போடவில்லை. அதன் வேலை எது என்று புரிந்துகொண்டு வைத்திருக்கிறார்கள். தொட்டித் தண்ணீர் முதலில் ஒரு சல்லடைக் கூடையில் விழுந்து பெரிய கழிவைக் கழிக்கும். அடுத்து மணல் ஃபில்டர். அதன் பிறகு, திரும்பவும் வந்த நீல டிரம். அதில் ஓட்டுச் சில்லோடு குழாய்த் துண்டுகளும் உண்டு. அதை யாரும் குழாய்த் தண்ணீரில் கழுவுவதில்லை. அடைத்தால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுவதோடு சரி. நகராட்சிக் குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்தப் பாக்டீரியாவையும் கொல்லும்.

மீட்டர் முள்ளுக்காகக் காத்திராமல் வாரம் இரண்டு முறை பேக்வாஷ். அந்தத் தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம். உப்புப் போட்ட வாரங்களில் மட்டும் அப்பா அதைத் திராட்சைப் பக்கம் விடுவதே இல்லை.

கரன்ட் பில் இன்னொரு பாடம். நீச்சல் குள மோட்டார் ஒரு நாளில் சில மணி நேரம் ஓடுவதற்கானது. மீனுக்கு 24 மணி நேரமும் ஓட வேண்டும். அரை ஹெச்.பி. என்றால் குறைந்தது நாளுக்கு 9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 540. அதுவே 500-ஐத் தாண்டிவிடும், வீட்டு பில்லின் விகிதமே மாறிவிடும். தோட்டத்து இலவச மின்சாரத்தை இதற்கு இழுக்கவும் கூடாது. அதனால் டிரம்முக்குச் சின்ன மோட்டார் ஒன்று எந்நேரமும் ஓடுகிறது. பெரிய மோட்டார் பகலில் சில மணி நேரம் மட்டும். நிறுத்தி வைத்த ஃபில்டரை மறுபடி போடும்போதெல்லாம் முதலில் பேக்வாஷ், பிறகுதான் தொட்டி. கரன்ட் போனால் காற்று விட பேட்டரியில் ஓடும் குட்டி ஏர் பம்ப் ஒன்றும் இருக்கிறது.

கார்த்திகையில் மறுபடி ஒரு ராத்திரி மழை கொட்டியது. கரன்ட் போனது. அவர் திடுக்கிட்டு எழுந்து வெளியே வந்தபோது, தொட்டிப் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. முட்டியைப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். பெரிய மோட்டாரின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. ஏர் பம்ப் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க ஏன்ப்பா எந்திரிச்சு வந்தீங்க, நான் பாத்துக்க மாட்டேனா?"

"பாப்பா காலைல எண்ணுமுல்ல" என்றார் அவர்.

விடிந்ததும் பாப்பா வந்து எண்ணினாள். பதினேழு. முந்தைய நாளும் பதினேழுதான்.