மீட்பு என்ற சொல்லும் ஒரு தாலிக்கொடியும்

கிறிஸ்து இயேசுவில் அன்புக்குரிய பங்கு மக்களே,

கடந்த தவக்காலத்தில், உறுதிபூசுதல் வகுப்பு முடிந்ததும் 13 வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஃபாதர், மீட்பு எண்டா என்ன?" என்று கேட்டான். இப்பங்கில் 9 ஆண்டுகளாக, ஏறத்தாழ ஒவ்வொரு ஞாயிறும் அச்சொல்லை உச்சரித்து வருகிறேன். அவனும் பெற்றோருடன் தவறாமல் வந்து அமர்ந்து கேட்டிருக்கிறான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

குருமடத்தில் மறையுரைக் கலை பயின்றபோது, எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து காட்டினார். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷனன் 1948-இல் வெளியிட்ட தகவல் தொடர்பு மாதிரி அது. செய்தியின் மூலம், அனுப்பும் கருவி, வழித்தடம், பெறும் கருவி, சேருமிடம். வழியில் குறுக்கிடும் இரைச்சல். தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில் பிறந்த அம்மாதிரி, குறிகள் பிழையின்றிச் சென்று சேர்வதைப் பற்றியது. செய்தியின் பொருள் தம் பொறியியல் சிக்கலுக்கு அப்பாற்பட்டது என்று ஷனனே எழுதியுள்ளார். நானோ அப்படத்தை மறையுரைக்கும் போதுமானதாகக் கொண்டுவிட்டேன். ஒலிபெருக்கி சீராக இயங்கி, குழந்தைகள் அழாதிருந்தால், என் செய்தி சேர்ந்துவிட்டது என்றே நம்பினேன்.

அதே வகுப்பில் இரண்டாவது படம் ஒன்றையும் கற்றோம். 1954-இல் வில்பர் ஷ்ராம் முன்வைத்தது. பேசுபவருக்கு ஓர் அனுபவ வட்டம், கேட்பவருக்கு ஓர் அனுபவ வட்டம். அவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கவியும் இடத்தில்தான் பொருள் பகிரப்படுகிறது. கேட்பவர் தரும் மறுமொழியைக் கொண்டே, சொன்னது எவ்வாறு விளங்கியது எனப் பேசுபவர் அறிகிறார். தேர்வுக்காக மனனம் செய்து, பின் மறந்துபோனேன். அந்த மறுமொழியைத்தான் 9 ஆண்டுகள் கழித்து ஒரு சிறுவன் எனக்குத் தந்தான்.

மறுவாரம் அவனுடைய அப்பம்மாவை வகுப்புக்கு அழைத்தேன். "அம்மா, நீங்கள் எதையாவது மீட்டதுண்டா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிப் பேரனைப் பார்த்துச் சொன்னார்: "உன்ரை அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பவெண்டு என்ரை தாலிக்கொடியை அடகு வைச்சனான், ராசா. அவன் இந்தக் கனடாக் குளிருக்குள்ள ரெண்டு வேலை செய்து அனுப்பின காசிலதான் அதை மீட்டனான். மூண்டு வருசம் வெறுங்கழுத்தோட கோயிலுக்குப் போனனான்."

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அது முதலே உங்கடைதானே அப்பம்மா? பிறகேன் காசு குடுத்து எடுத்தனீங்கள்?"

"என்ரை எண்டபடியால்தான்" என்றார் அவர்.

நான் அதற்கு மேல் எதையும் விளக்கவில்லை. ஏற்கெனவே தமக்குரியவர்களையே இறைவன் விலை கொடுத்து மீட்டார் என்பதை, எனது இறையியல் நூல்கள் அனைத்தையும்விட அவர் எளிதாகச் சொல்லிவிட்டார்.

திருச்சபையின் சமூகத் தொடர்பு குறித்த 1971-ஆம் ஆண்டின் மேய்ப்புப்பணி ஏடு, கிறிஸ்துவை நிறைவான தொடர்பாளர் என அழைக்கிறது. மனிதராகப் பிறந்ததன் வழியாகத் தம் செய்தியைப் பெறுவோரின் நிலையையே அவர் ஏற்றுக்கொண்டார் என்பது அதற்கு அது தரும் காரணம். விண்ணிலிருந்து உரக்கப் பேசாமல், நமது வட்டத்திற்குள் வந்து, விதையையும் வலையையும் புளிப்பு மாவையும் கொண்டு பேசினார். நானோ என் வட்டத்திற்குள் நின்றுகொண்டே உங்களை அழைத்திருக்கிறேன். இதற்காக உங்களிடம், சிறப்பாக நம் இளையோரிடம், மன்னிப்புக் கேட்கிறேன்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்குதில்லை, சுவாமி" என்று நீங்கள் அடிக்கடி என்னிடம் வருந்துவதுண்டு. அவர்கள் அறியாதது சொல்லை மட்டுமன்று. அச்சொல்லுக்குப் பின்னால் உள்ள உங்கள் வாழ்வையும்தான். பட்ட துன்பங்களைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று பலர் மறைத்து வைத்திருக்கிறீர்கள். இந்த வாரம் அவற்றுள் ஒன்றையேனும் உணவு மேசையில் அவர்களுக்குச் சொல்லுங்கள். சொன்னபின், அவர்கள் கேட்கும் கேள்விக்குக் காத்திருங்கள்.

அந்த அப்பம்மாவின் இசைவுடனேயே இதை எழுதியுள்ளேன். வருகிற ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் அரைமணி நேரம் அமர்ந்திருப்பேன். மறையுரையில் விளங்காத சொல் ஏதேனும் இருப்பின், இளையோர் தயங்காமல் வந்து கேளுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குத்தந்தை