மைனர் என்றால் யாருக்கு மைனர்?

அலுவலகங்களின் பின்னறையில் ஒரு பெட்டி இருக்கும். கட்டடத்தின் எல்லாத் தொலைபேசிகளையும் ஆட்டுவிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி அது. முகப்பில் சின்னச் சின்ன விளக்குகள். பச்சை எரிந்தால் நிம்மதி. சிவப்பு எரிந்தால் ஓட்டம். நடுவில் எரியும் மஞ்சளைத்தான் யாரும் சட்டை செய்வதில்லை.

விளக்குகளின் நிறம் கருவிக்குக் கருவி மாறலாம். ஆனால் அவற்றின் பின்னால் ஒரு தர வரிசை உண்டு. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992இல் எக்ஸ்.733 என்ற விதிமுறையில் இதை வகுத்தது. 'கிரிட்டிக்கல்' என்றால் சேவை பாதிக்கப்பட்டுவிட்டது, உடனே கவனிக்க வேண்டும். 'மேஜர்' என்றாலும் சேவைக்குப் பாதிப்புதான், அவசரம். 'மைனர்' என்றால் சேவைக்கு இன்னும் பாதிப்பில்லை, பெரிதாகும் முன் சரிசெய்ய வேண்டும். 'வார்னிங்', வரப்போகும் கோளாறின் அறிகுறி.

பல தொலைபேசிக் கருவிகள் இந்தத் தரத்தை விழுக்காட்டில் கணக்கிடுகின்றன. மொத்த இணைப்புகளில் எத்தனை போனால் மைனர், எத்தனை போனால் மேஜர் என்ற வரம்பை நாமே அமைக்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முன்பு நான் பணியாற்றிய ஒரு வானொலி நிலையத்தில் நேயர்களுக்கு எட்டு இணைப்புகள். பாதி செயலிழந்தால்தான் மேஜர் என்று யாரோ எப்போதோ அமைத்திருந்தார்கள். ஒருமுறை அட்டை பழுதாகி இரண்டு இணைப்புகள் போயின. கால்வாசிதானே? மஞ்சள் மட்டும் எரிந்தது. "மைனர்தான்மா, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்றார் தொழில்நுட்பர் அண்ணன்.

ஆனால் போன இரண்டும் வரிசையில் முதல் இரண்டு. எங்கள் அட்டை செத்தது வெளியே உள்ள தொலைபேசி நிலையத்துக்குத் தெரியாது. இணைப்பு காலியாக இருக்கிறது என்றெண்ணி, அழைப்பை முதலில் அங்கேதான் தள்ளும். அழைப்பவர் காதில் மணி அடிக்கும். எங்கள் மேசையில் எதுவும் மின்னாது. அந்த இரண்டிலும் ஒரே நேரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தால்தான் மூன்றாமவர் எங்களை வந்தடைவார்.

அழைப்புகள் சரிந்தன. "நேயர்கள் ஆர்வம் குறைந்துவிட்டது, நிகழ்ச்சியை அரை மணி நேரமாக்கலாமா?" என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அந்த வாரம்தான் தைப்பிங்கிலிருந்து ஒரு பாட்டி அலுவலக எண்ணுக்கு அழைத்தார்.

"ஏம்மா, மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கவே மாட்டேங்கிறீங்களே. கிழவிங்க பேசுனா பிடிக்கலையா?"

அதைக் கேட்ட பிறகுதான் தொழில்நுட்பரை மறுபடி வரவழைத்தோம். அட்டையை மாற்றிய மறுநாள் காலை எட்டு விளக்குகளும் மின்னின. நிகழ்ச்சியின் நேரமும் தப்பியது.

கருவி தன் இணைப்புகளை எண்ணிச் சொல்கிறது. அழைக்கும் மனிதர்களை அது எண்ணுவதில்லை. கிளினிக், கோயில் அலுவலகம், முதியோர் இல்லம் என்று எங்கே பணிபுரிந்தாலும் பராமரிப்பாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்டு வைக்கலாம். வரம்பு எத்தனை விழுக்காட்டில் உள்ளது? மஞ்சள் எரிந்தால் யாருக்குத் தகவல் போகும்? வாரம் ஒருமுறை வெளியிலிருந்து கைப்பேசியில் உங்கள் எண்ணையே அழைத்துப் பாருங்கள். மணி அடித்தும் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை என்றால், விளக்கு எந்த நிறமானாலும் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.